மறுக்கும் உரிமையும் பேரம் பேசும் உரிமையும்

அன்புள்ள ஐயா,

பழங்குடி நிலங்களில் சுரங்கம் தோண்டுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சுரங்கம் வந்தால் சாலையும் பள்ளியும் வேலையும் சேர்ந்தே வருகின்றன. சமதா தீர்ப்பு அந்த நிலங்களை யாருக்கும் பயன்படாதபடி பூட்டிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. நல்ல விலையும் வேலையும் கொடுத்தால், மறுக்க என்ன காரணம் இருக்க முடியும்?

முனிரத்தினம், குப்பம்

அன்புள்ள முனிரத்தினம் அவர்களுக்கு,

சமதா தீர்ப்பு எதையும் பூட்டவில்லை. விசாகப்பட்டினம் மலைப்பகுதியில், அனந்தகிரி வட்டாரத்துப் போரா கிராமங்களில் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தை வெட்டத் தனியாருக்குக் குத்தகை கொடுக்கப்பட்டதை எதிர்த்துச் சமதா என்னும் தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கு அது. 1997 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர், ஐந்தாம் அட்டவணைப் பகுதியில், அதாவது பழங்குடியினருக்காக அரசியலமைப்பு தனிப் பாதுகாப்புத் தரும் பகுதியில், பழங்குடியல்லாதவருக்கு நிலத்தைக் கைமாற்றக்கூடாது என்ற ஆந்திரச் சட்டம் அரசையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார்கள். அரசுக் கழகமோ பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கமோ தோண்டலாம். நிகர லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குடிநீர், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கான நிரந்தர நிதியாக ஒதுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்கும் பள்ளியும் சாலையும் தீர்ப்புக்கு உள்ளேயே உள்ளன. அரசுக் கழகம் தோண்டித் தனியார் ஆலைக்கு விற்பது என்ற வழியைப் பின்னாளில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது விஷயத்தில் ஆந்திர அரசு கண்டுபிடித்தது வேறு கதை.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மறுக்கக் காரணம் என்ன என்று கேட்கிறோம்; ஆனால் மறுக்க முடிகிற இடத்தில்தான் விலையும் வேலையும் பேரமாகின்றன, மற்ற இடங்களில் அவை கொடுப்பவரின் தயவாகவே நிற்கின்றன. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் எடுக்கும் திட்டம் பற்றி, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் முடிவைக் கேட்கச் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அந்த மலையைச் சார்ந்திருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர்களை மட்டுமே. அந்தப் பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கு வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் அந்த மலையைத் தங்கள் தெய்வமான நியம ராஜாவின் இருப்பிடமாகக் கருதுகிறார்கள் என்பதைப் பரிசீலிக்கத்தக்க உரிமையாக நீதிமன்றம் ஏற்றது. விலை எவ்வளவு என்ற கேள்வி அங்கே இரண்டாவதாகத்தான் வர முடிந்தது.

இப்போது நம் எல்லைப்புறத்துக்கு வாருங்கள். உங்கள் குப்பம் இருக்கும் சித்தூர்ப் பக்கம் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்கூடக் கிடையாது. அதனால் இங்குள்ள யானாதி, இருளர் குடும்பங்களுக்குச் சமதா தீர்ப்போ, அத்தகைய பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமோ நிழல் தருவதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன நிலத்துக்குப் பொருந்தும். புறம்போக்கில் இருக்கும் கிரானைட் குவாரிக்கு அதை வைத்து என்ன செய்வது? ஐந்து ஹெக்டேருக்குக் கீழான தனிக் குவாரி என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் ஊராரின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணையே பெரும்பாலும் நடப்பதில்லை. ஒரு குவாரியை ஒட்டிய குடியிருப்பில், வெடி வைக்கும் நேரத்துக்கு முன்பே பெண்கள் தண்ணீர்க் குடத்தின் வாயைத் துணியால் கட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாலையில் அவிழ்க்கும்போது அந்தத் துணி சாம்பல் நிறத்தில் விறைத்திருந்தது. அங்கே வேலை உண்டு, முன்பணமும் உண்டு. அந்த முன்பணத்தை அடைத்து முடிக்கும்வரை வேறு இடம் போக முடியாது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

சுரங்கமே கூடாது என்று நான் வாதிடவில்லை. நம் வீட்டுத் தளக்கல்லும் அலுமினியப் பாத்திரமும் எங்கிருந்தோதான் வந்தன. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் செலவிடும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு வருவது ராயல்டியை, அதாவது கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் உரிமத் தொகையை, ஒட்டிக் கணக்கிடப்படும் தொகை, லாபத்தில் பங்கு அல்ல. அதைச் செலவிடும் குழுவிலும் மாவட்ட நிர்வாகத்தின் கையே ஓங்கி நிற்கிறது. ஊரார் முடிவெடுப்பதற்கு அது ஈடாகாது.

உங்கள் பக்கத்துக் குவாரிகளில் வேலை செய்யும் பழங்குடித் தொழிலாளர்களில் எத்தனை பேரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, எத்தனை பேருக்குச் சேமநல நிதி பிடிக்கப்படுகிறது என்று விசாரித்து எழுதுங்கள். வேலைவாய்ப்பு பற்றிய உங்கள் வாதத்தை அந்த விவரங்களோடு தொடரலாம்.