'கழுவாத நாணயம்' என்று விற்றார்கள், கோடு கோடாகத் தெரிகிறது: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: "ஒருமுறைகூட சுத்தம் செய்யாதது, ஒரிஜினல் பரப்பு" என்ற விளக்கத்தை நம்பி ஆன்லைனில் ஒரு பழைய வெள்ளி நாணயம் வாங்கினேன். வந்ததும் பார்த்தால் மெல்லிய கோடுகள். பாலிஷ் போட்டது என்கிறார் நண்பர். அவை நாணயத்தை அடித்த அச்சிலேயே இருந்த கோடுகள் என்கிறார் விற்றவர். சட்டப்படி என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று. அந்த நாணயத்தைத் துணியால்கூடத் துடைக்காதீர்கள். இப்போது அதுதான் உங்கள் சாட்சி. நீங்கள் கை வைத்துவிட்டால், "கோடு போட்டதே வாங்கியவர்தான்" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும்.

உங்கள் பலம் அந்த விளக்க வாசகத்தில் இருக்கிறது. விளக்கத்தை வைத்து விற்ற பொருள் அந்த விளக்கத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். 1893-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டத்திலிருந்து வரும் விதி இது, இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 15-ஆம் பிரிவாக இருக்கிறது. விற்றவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. மோசடி என்று புகார் கொடுத்தால்தான் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், அது கடினம் என்பதால் அந்த வழிக்கு இப்போது போக வேண்டாம். வெறுமனே "பழைய வெள்ளி நாணயம்" என்று மட்டும் போட்டு விற்றிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

சரி, அச்சுக் கோடா, தேய்த்த கோடா? ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நாணயத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். அச்சைத் தேய்த்ததால் வந்த கோடு நாணயத்தில் மேடாக நிற்கும், பெரும்பாலும் உருவத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடும். துணியோ பிரஷ்ஷோ கீறியது பள்ளமாக இருக்கும், வெற்றுப் பரப்பில் தொடங்கி முகம், எழுத்து எல்லாவற்றின் மேலேயும் ஒரே திசையில் ஏறிப் போகும். அதிகம் தேயாத நாணயத்தில் வெளிச்சம் சக்கரத்தின் ஆரம்போலச் சுழல வேண்டும், அது இல்லாமல் தட்டையாக மினுங்கினால் சந்தேகம்தான். நன்றாகத் தேய்ந்த நாணயம் முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்து, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருமை ஒட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும். ஆனால் சுத்தம் செய்ய அமிலக் கரைசலில் லேசாக முக்கி எடுத்திருந்தால் அதை நிரூபிப்பது கஷ்டம், அதனால் வழக்கைக் கீறல்களின் மீதே கட்டுங்கள்.

நீங்கள் பார்த்துச் சொல்வது உங்கள் கருத்து மட்டும்தான். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புங்கள், தவறாகச் சுத்தம் செய்தது என்று கண்டால் வழக்கமான எண் தரம் தராமல் 'டீடெய்ல்ஸ்' என்று குறித்து அனுப்புவார்கள். ஆனால் அனுப்பும் முன்பே விற்றவருக்கு "விளக்கத்துக்குப் பொருந்தவில்லை, நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நியாயமான காலம் தாண்டிப் பேசாமல் வைத்திருந்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். இன்னொருவருக்கு விற்றாலும் நிராகரிக்கும் உரிமை போய்விடும்.

விற்பனைப் பக்கத்தை, விளக்கமும் படங்களும் தேதியும் தெரியும்படி, இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளை அவர் மாற்றிவிடலாம். அவருடைய படத்திலேயே அதே கோடுகள் தெரிந்தால், நாணயம் உங்கள் கைக்கு வரும் முன்பே அவை இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. "படத்தில் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று அவர் திருப்புவார், படத்தைப் பார்ப்பது பொருளைக் கையில் எடுத்துச் சோதிப்பது ஆகாது என்று நாம் வாதிடலாம். பார்சல் வந்த உறை, பணம் கட்டிய ரசீது, அவர் அனுப்பிய "அச்சுக் கோடு" பதில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் இவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள்.