யாருடைய பாடாந்தரம்? கேள்வி பதில்

மார்கழி தொடங்குவதற்குள் "எனக்குப் பிடித்த வாக்கேயக்காரர்" (சொல்லும் மெட்டும் தானே செய்து பாட்டு இயற்றுகிறவர்) என்ற பொருளில் யார் வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம் என்று நண்பர்கள் அறிவித்துவிட்டார்கள். வீணை சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஆராய்ச்சியாளர் இல்லை, கச்சேரி மேடையும் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டால் யாருடைய பாடாந்தரம், அதாவது எந்த குரு வழியாக வந்த பாடம், என்பதையும் எழுதுங்கள். அது தெரியாமல் நான் சொல்வது பாதி ஊகமாகத்தான் இருக்கும்.

கும்பகோணம்: கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், டீச்சர்?

சியாமா சாஸ்திரி. ஆனால் இந்தப் பதிலை இருபது வயதில் நான் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது எனக்குத் தியாகராஜரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை. முப்பத்தைந்துக்குமேல் தீட்சிதர் வந்து உட்கார்ந்துகொண்டார். சியாமா சாஸ்திரி வந்தது ஐம்பதுக்குப் பிறகு, அதுவும் ஒரே ஒரு உருப்படி (பாட்டு) வழியாக.

அது பைரவி ராகத்து ஸ்வரஜதி, "காமாக்ஷி அனுதினமு". எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஸட்ஜத்தில் (ஸ) எடுக்கிறது, அடுத்தது ரிஷபத்தில் (ரி), அடுத்தது காந்தாரத்தில் (க). இப்படி ஒவ்வொரு படியாக ஏறி எட்டாவது சரணம் மேல் ஸட்ஜத்தில் வந்து நிற்கிறது. கேட்பதற்கு இது ஏதோ கணக்கு வேலை போலத் தோன்றும். வீணையில் வாசித்துப் பாருங்கள், கணக்கு என்று ஓரிடத்திலும் உறைக்காது. ஒரு பிள்ளை தாயின் மடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது போல இருக்கும். ஸ்வரஜதி அதற்குமுன் ஆடலுக்கான உருப்படி. அதிலிருந்து ஜதியை (ஆடலுக்கான தாளச் சொற்களை) எடுத்துவிட்டு, உட்கார்ந்து கேட்கும் இசையாக ஆக்கியவர் அவர். தோடியிலும் யதுகுல காம்போதியிலும் இன்னும் இரண்டு ஸ்வரஜதிகள் செய்தார்.

தஞ்சாவூரில் பங்காரு காமாட்சிக்குப் பூஜை செய்துகொண்டிருந்தவர். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய உருப்படிகள் நூறுகூட இல்லை. ஆனந்தபைரவியைக் கேளுங்கள்: "மரிவேரே கதி", "ஓ ஜகதம்பா", "ஹிமாசல தனய". மூன்றும் ஒரே ராகம், ஒரே அம்பாள், ஒரே கெஞ்சல். ஆனாலும் ஒன்றின் சாயல் இன்னொன்றில் விழவில்லை. அதை எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சேலம்: அப்படியானால் தியாகராஜர் உங்களுக்குச் சலித்துவிட்டாரா?

சோறு யாருக்காவது சலிக்குமா? அவருடைய கரகரப்ரியா மட்டும் போதும்: "சக்கனி ராஜ மார்க்கமு", "பக்கல நிலபடி", "ராம நீ ஸமானமெவரு". இந்த ராகத்தில் தீட்சிதரும் செய்யவில்லை, சியாமா சாஸ்திரியும் செய்யவில்லை. தீட்சிதர் மரபில் 22ஆவது மேளத்தின் (தாய் ராகத்தின்) இடத்தில் இருப்பது ஸ்ரீராகம். இன்று கரகரப்ரியா இல்லாத கச்சேரி வாரம் ஒன்றை நினைத்துப் பார்க்க முடிகிறதா? அது முழுக்கத் திருவையாற்றுச் சொத்து.

ஈரோடு: மும்மூர்த்திகளில் யார் பெரியவர்?

பிடித்தவர் யார் என்ற கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. பெரியவர் யார் என்று அளக்க என்னிடம் முழக்கோல் இல்லை.

கோயம்புத்தூர்: உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. தீட்சிதர் கிருதி ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. என்னிடம்தான் குறையா?

இல்லை. ஒளிக்காமல் கேட்டதற்காகவே நீளமாகப் பதில் சொல்கிறேன்.

தியாகராஜர் பாட்டு ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சங்கதி சங்கதியாக, அதாவது அதே வரியைப் புதிது புதிதாக மாற்றிப் பாடி, வளரும். முதல் சங்கதியில் மொட்டு, ஆறாவதில் பூ. நம் காது அந்த வளர்ச்சிக்குப் பழகிவிட்டது. தீட்சிதர் அப்படி வளர்ப்பதில்லை. ராகம் முழுவதையும் முதலிலேயே விரித்துப் போட்டுவிட்டு அதன்மேல் மெல்ல நடக்கிறார். இளம் வயதில் காசியில் சில ஆண்டுகள் இருந்தவர். வடக்கத்தித் துருபதின் நிதானம் அவரிடம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள், என் காதுக்கும் அது சரியாகவே படுகிறது.

"அக்ஷயலிங்க விபோ" என்ற சங்கராபரணக் கிருதியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வேளூர்ச் சிவன்மேல் பாடியது, மிச்ர சாபு தாளம். சரணம் "பதரீவன" என்று தொடங்குகிறது. பதரி என்றால் இலந்தை, அந்தக் கோயிலின் தலமரம். ஊர், மரம், அம்பாள் பெயர் எல்லாவற்றையும் பாட்டுக்குள் வைத்துவிடுவார் மனிதர். கோயிலுக்குள் நுழைந்து பிராகாரம் சுற்றி முடிப்பதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பாட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் சொற்கள் நெருங்கி மத்யமகாலம் (வேகம் கூடும் பகுதி) வரும்போது, இவ்வளவு நேரம் மெதுவாக நடந்ததன் பலன் தெரியும்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். பாடுகிறவர் அந்த நிதானத்தைத் தாங்க முடியாமல் காலப்பிரமாணத்தை (வேகத்தை) கூட்டிவிட்டால் மத்யமகாலத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. அதற்குப் பயந்து கமகம் (ஸ்வரத்தின் அசைவு) இல்லாமல் வெறுமனே இழுத்தால் தூக்கம் வருகிறது. நீங்கள் கேட்டது இந்த இரண்டாவது வகையாக இருக்கும். யாருடைய பாடாந்தரம் என்று எழுதியிருக்கிறீர்களா? இல்லை. வீணை தனம்மாள் குடும்பத்து டி. பிருந்தா, தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமே பாடம் கேட்ட டி.கே. பட்டம்மாள், இந்த இருவரில் ஒருவரை ஒரு மாதம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் தூக்கம் வந்தால் நன்றாகத் தூங்குங்கள்.

பெயர் வேண்டாம்: வராளி ராகம் கற்றுக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் பகை வரும் என்கிறார்களே?

நான் நால்வருக்குக் கற்றுக்கொடுத்தேன். மூன்று பேர் இன்றும் பேசுகிறார்கள். நான்காமவர் பேசாததற்குக் காரணம் கடனாகக் கொண்டுபோன புத்தகம். இந்தப் பயத்தால்தான் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளில் வராளியில் அமைந்த "கனகன ருசிரா"வை நேரே உட்கார்ந்து பாடம் கேட்காமல் பலரும் காதால் பிடித்துப் பாடுகிறார்கள். வராளியின் காந்தாரம் படும் பாடு அதனால்தான்.

சிங்கப்பூர்: பீத்தோவன், மொஸார்ட் இவர்களில் யார் பிடிக்கும்?

என் துறை இல்லை, தெரிந்தவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: பீத்தோவனும் சியாமா சாஸ்திரியும் மறைந்தது ஒரே ஆண்டில், 1827. மேலைநாட்டு மெட்டு உங்களுக்குப் பிடிக்குமென்றால் தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களைத் தேடுங்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டுக்கு "ஸந்ததம் பாஹி மாம்" என்று அம்பாள்மேல் எழுதி வைத்திருக்கிறார். கும்பினிக்காரர் பாண்டு வாத்தியம் அடித்தது நமக்கு இப்படி லாபமாயிற்று.

திருச்சி: நீங்கள் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடியவர்கள். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய தமிழ் மூவர் இவர்களுக்கு முந்தியவர்கள். உங்கள் விருப்பத்தில் அவர்களுக்கு இடமில்லையா?

இருக்கிறது. "காலைத் தூக்கி நின்றாடும் தெய்வமே" இல்லாமல் எனக்கு மார்கழி முடிவதில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. கேட்டதற்கு நன்றி.

மதுரை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர்கள் கவிஞர்கள்தானே? இன்று பாடும் மெட்டுகள் பிற்காலத்தவர் போட்டவை. வாக்கும் கேயமும் ஒருவருடையதாக இருந்தால்தானே வாக்கேயக்காரர்?

இதை எதிர்பார்த்தேன். வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்கிறார்.

சரி, உங்கள் தராசையே எடுத்துக்கொள்வோம். அன்னமாசாரியர் பாடல்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. ஏட்டில் இருந்தது சொல்லும் ராகப் பெயரும்தான். இன்று நாம் பாடும் மெட்டுகளில் மிகப் பல ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள் போட்டவை. ஸ்வாதித் திருநாள் கிருதிகளில் பலவற்றுக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்கள் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும். புரந்தரதாசர் தேவர்நாமாக்களை (கன்னடப் பக்திப் பாடல்களை) ஒரே பாட்டு இரண்டு மூன்று ராகங்களில் கேட்டிருப்பீர்கள். இவர்களை எல்லாம் வாக்கேயக்காரர் இல்லை என்று யாரும் எழுந்து நின்று சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ் மூவர் பெயரை எடுத்தால் மட்டும் தராசு வெளியே வருகிறது.

கவிராயர் விஷயம் இன்னும் சுவையானது. இராம நாடகத்துக்கு மெட்டமைக்கச் சட்டநாதபுரத்து மாணவர்கள் இருவர், கோதண்டராமையரும் வேங்கடராமையரும், அவருக்குத் துணை இருந்தார்கள். அவர் காலத்திலேயே பாடப்பட்டு அரங்கேறிய நூல் அது. பிறகு பாடியவர்கள் தொடர்ந்து பாடவில்லை, மெட்டு கை நழுவியது. "யாரோ இவர் யாரோ"வை இன்று பைரவியில் பாடுகிறோம், கவிராயர் காலத்து ராகம் அது இல்லை. இதில் குறை கவிராயருடையதா? தியாகராஜருக்கு வரிசையாகச் சிஷ்யர்கள் இருந்தார்கள், எழுதி வைத்தார்கள். தீட்சிதருக்கு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் பாடல்களை ஒரு மலையாகவே அச்சில் ஏற்றிவைத்தார். சீர்காழிக்காரரான கவிராயருக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. பாடாந்தரம் பாடாந்தரம் என்று நான் அடித்துக்கொள்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

திருச்சி (மறுபடியும்): அதைத்தான் நானும் சொல்கிறேன். கடைசி அரை மணி நேரத்தில் துக்கடாவாகத்தான் (சிறு பாட்டாகத்தான்) தமிழ் வருகிறது. தமிழ்நாட்டு மேடையில் தியாகராஜரை நிறுத்திவிட்டுத் தமிழை வைத்தால் என்ன?

முதல் பாதி சரி. 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்நின்று தமிழ் இசைச் சங்கம் உருவானதே இந்தக் குறையால்தான். அதற்கும் முன்பே, எந்த ஊருக்குப் போனாலும் "வாதாபி கணபதிம்" என்றுதான் தொடங்குகிறார்கள் என்று பாரதியார் எழுதி நொந்துகொண்டார். தோடியில் ஒரு தமிழ்ப் பாட்டை மையமாக வைத்து ராகம், நிரவல், ஸ்வரம் என்று ஒரு மணி நேரம் பாட வேண்டும். கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் செய்து வைத்திருக்கிறார், எத்தனை பேர் தொடுகிறார்கள்?

இரண்டாவது பாதி தவறு. திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் காவிரித் தண்ணீர் குடித்து, அங்கேயே அடங்கியவரை எந்த ஊருக்கு அனுப்பப்போகிறீர்கள்?

மதுரை (மறுபடியும்): நான் தமிழுக்கு எதிரி போலச் சித்திரித்துவிட்டீர்கள். இலக்கணம்தான் கேட்டேன்.

நீங்கள் எதிரி இல்லை. உங்கள் இலக்கணம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

திருச்சி (மூன்றாம் முறை): கோபாலகிருஷ்ண பாரதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஐயா, மூச்சு விடவும் நேரம் கொடுங்கள். அவருக்கு இந்தத் தராசே வேண்டாம், சொல்லும் மெட்டும் அவருடையவை. உ.வே. சாமிநாதையர் மாயவரத்தில் அவரிடம் கொஞ்ச காலம் சங்கீதம் கற்றார். திருவையாற்றில் தியாகராஜரின் சீடர்கள் "மனஸு நில்ப" பாடக் கேட்டு, அதே ஆபோகி ராகத்தில் "சபாபதிக்கு வேறு தெய்வம்" செய்து பாடினார் என்று கதை சொல்வார்கள். கதையைக் கதையாகவே கேளுங்கள். ஆனால் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கதை உண்மையாக இருக்கக்கூடாதா என்று ஆசை வரும். தெலுங்கா தமிழா என்ற சண்டை அந்த இரண்டு பாட்டுக்கும் தெரியாது. இந்த விவாதத்தை இத்துடன் முடிக்கிறேன்.

நாகர்கோவில்: மும்மூர்த்திகளில் யார்...

மேலே பாருங்கள்.

சென்னை: ராகத்தை உடனே கண்டுபிடிக்க ஏதாவது வழி?

கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? பத்துப் பாட்டை ஒழுங்காகக் கேளுங்கள், ராகம் தானே முகம் காட்டும்.

விழுப்புரம்: பெரியசாமித் தூரன், பாபநாசம் சிவன் இருவரில்?

சிவனின் "கா வா வா" கேட்கும்போது சிவன். தூரனின் "முருகா முருகா" கேட்கும்போது தூரன். தமிழில் கலைக்களஞ்சியம் தொகுத்த கையே சாவேரி ராகத்தில் இப்படிக் குழைந்தது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

தஞ்சாவூர்: எனக்குப் பதினேழு வயது. வீணை கற்கிறேன். ஸ்வரஜதியை வேகமாக வாசித்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். மெதுவாக வாசித்தால் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். என்ன செய்ய, டீச்சர்?

இன்று வந்த கேள்விகளில் இதுதான் எனக்குப் பிடித்தது, தம்பி. பேசட்டும். கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காக மட்டும் வாசி. ஸட்ஜத்தில் தொடங்கும் சரணத்தை முடித்துவிட்டு, ரிஷபத்துக்குப் போவதற்குமுன் ஒரு மூச்சு விட்டுப் பார். தனம்மாளின் பழைய இசைத்தட்டுகள் கிடைத்தால் ராத்திரியில் கேள். உன் ஊரிலேயே பங்காரு காமாட்சி கோயில் இருக்கிறது, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒருமுறை போய் வா. அப்புறம், நீ வாசிப்பது யாருடைய பாடாந்தரம் என்று எழுதவில்லையே?