கொள்ளுத்தாத்தாவைத் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

குடும்ப வரலாறு தேடுபவர்களின் இணையக் குழுவொன்றில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போட்டு, ‘தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். உதவியாக இருக்குமே என்று என் அத்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி எல்லாம் கொடுத்தேன். ஒருவர் ‘முதலில் நீங்களே தேடுங்கள்’ என்றார். இன்னொருவர் ஒரு வம்சாவளிப் படத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். வேறு பதிலே இல்லை. உதவத்தானே குழு?

ர.

அன்புள்ள ர.,

உதவத்தான். ஆனால் வெறும் பெயரை வைத்துக்கொண்டு பதிவேடுகளுக்குள் இறங்கினால், அதே பெயரில் வரிசையாக ஆட்கள் வந்து நிற்பார்கள். ‘1890-ஐ ஒட்டிப் பிறந்தவர், தச்சர், திருமணப் பதிவு கையில் இருக்கிறது, 1885 முதல் 1895 வரை பிறப்புப் பதிவேடு பார்த்துவிட்டேன், இல்லை, அவருடைய தாயின் பெயர் வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் தேடிச் சலித்த ஏட்டையே இன்னொருவர் மறுபடி புரட்ட மாட்டார். ஆவணம் சொன்னது எது, பாட்டி சொன்னது எது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். பாட்டி பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நடுவில் ஒரு தலைமுறை நழுவியிருக்கும்.

‘நீங்களே தேடுங்கள்’ என்றவர் பேசாமல் போயிருக்கலாம். படம் ஒட்டியவர்தான் எனக்கு ஆபத்தானவராகத் தெரிகிறார். ஒருவர் யூகித்துப் போட்ட உறவைப் பத்துப் பேர் நகலெடுத்தால் அது பத்துச் சான்று ஆகிவிடாது. எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு என்று தாராளமாகக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. வயது பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ‘இவர் அவரில்லை’ என்று தீர்ப்பளிப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் ஏட்டில் 30 ஆகிவிடுவார்!

அத்தையின் விவரங்களை இன்றே நீக்கிவிடுங்கள். அவரைக் கேட்டுவிட்டா போட்டீர்கள்? அமெரிக்கக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் பூட்டியே வைத்திருக்கிறார்கள். 1950-இல் எடுத்தது 2022-இல்தான் வெளிவந்தது.

இதைவிடக் கவனம் வேண்டியது மரபணுப் பரிசோதனை. பரிசோதனை முடிவோடு வரும் உறவினர் பட்டியலில் புதிதாக ஒருவர் முளைத்து, அவருடைய மரபணு உங்களுடையதோடு எட்டில் ஒரு பங்கு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெரியப்பா மகனாக இருக்கலாம். உங்கள் தாத்தாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான். ‘இவர் யார்?’ என்று அதைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். தனியாக எழுதுங்கள், அதிலும் உறவுமுறையை எடுத்தவுடன் சொல்லாதீர்கள். தன் பிறப்பின் கதை அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரே கேள்வியைப் பல இடங்களில் கேட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். விடை கிடைத்ததும் எல்லா இடங்களிலும் எழுதிவிடுங்கள். ‘கிடைத்துவிட்டது, நன்றி’ என்று இரண்டு சொல்லோடு மறைந்துவிடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். என்ன கிடைத்தது, எந்த ஏட்டில் கிடைத்தது?