எச். பைலோரி இருந்தால் கேன்சர் வருமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் எச். பைலோரி என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி 14 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாயெல்லாம் கசக்கிறது என்று ஆறாம் நாளே நிறுத்திவிட்டார், வலியும் போய்விட்டது. ஆனால் அம்மாவின் அப்பா இரைப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: கிருமி இருக்கிறது என்றால் கேன்சர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம் ஊரில் ஏராளமானவர்களுக்கு இது உண்டு, பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. அதற்காக விட்டுவிடவும் முடியாது, 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு பல வருடம் உள்ளே தங்கிவிடும். அந்த நாள்பட்ட அழற்சியில் இரைப்பையின் உள்சுவர் மெலிந்து, சிலருக்குக் குடலில் இருக்கும் செல்களைப் போன்றவை அங்கே முளைக்கும், அதில் சிலருக்குத்தான் புற்று. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்தச் செல் மாற்றத்தைக் குறிக்கும் 'இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டி, மறுபடி எப்போது எண்டோஸ்கோபி தேவை என்று கேளுங்கள்.

எனக்குக் கவலை அந்த ஆறாம் நாள்தான். வலி போனதும் கிருமி போய்விடாது, பாதியில் விட்டால் மிஞ்சியது மருந்துக்கு மசியாமல் போகலாம். மீதி மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள், டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், வேறு கூட்டு மருந்து தருவார். கசப்பு மெட்ரோனிடசோலாலோ கிளாரித்ரோமைசினாலோ வருவது, மருந்து முடிந்ததும் போய்விடும். மாத்திரைகளில் பிஸ்மத் என்ற மருந்து இருந்தால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் நிறையப் பேர் செய்யாமல் விடுவது இதுதான்: மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலைக் காபிக்கு முன் போடும், அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் அது பாசிட்டிவ் காட்டலாம்.

தாத்தாவுக்கு வந்ததால் அம்மாவின் கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ளட்டும். இரைப்பைப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர்களிடம் தென்கொரியாவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது, கிருமிக்கு மருந்து எடுத்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எடை குறைவது, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, ரத்தசோகை, பிஸ்மத் எடுக்காமலே தார் போலக் கறுத்த மலம், இதில் எது வந்தாலும் நான்கு வாரம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.