வாட்ச்லிஸ்ட்டில் எதைச் சேர்ப்பது? – அனிமே கேள்வி-பதில்

புதிய அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர்களில் எவற்றைப் பார்க்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெரும்பாலும் 2023 முதல் வெளியானவற்றையே சொல்லியிருக்கிறேன். கதையின் முடிச்சை அவிழ்க்கும் எதையும் எழுதவில்லை. தேவையான இடங்களில் முதல் சில எபிசோட்களில் வருவதை மட்டும் தொட்டிருக்கிறேன்.

கேள்வி: நல்ல அனிமே ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: இதுவரை எதைப் பார்த்து ரசித்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், உடன் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். இவை தெரியாமல் நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது உங்களுக்கான பரிந்துரையாக இருக்காது. இந்தப் பகுதியில் பலமுறை சொல்லிவிட்டேன். இன்னமும் ஒற்றை வரிக் கடிதங்களே அதிகம் வருகின்றன.

கேள்வி: அம்மாவுக்குத் துப்பறியும் கதைகள் பிடிக்கும். சண்டை, ரத்தம் பிடிக்காது. இருவரும் சேர்ந்து பார்க்க ஒரு தொடர் வேண்டும்.

பதில்: கேட்க வேண்டிய முறையில் கேட்டிருக்கிறீர்கள். 'தி அபோதகரி டைரீஸ்' தொடரைத் தயங்காமல் தொடங்குங்கள். நட்சு ஹ்யூகா என்ற எழுத்தாளரின் நாவல் வரிசையை ஒட்டி எடுக்கப்பட்டது. முதல் சீசன் 2023 அக்டோபரிலும் இரண்டாவது 2025 ஜனவரியிலும் தொடங்கின. இரண்டும் சேர்ந்து ஐம்பது எபிசோட்களுக்குச் சற்றுக் குறைவாக வரும். பழைய சீனப் பேரரசை ஒத்த ஒரு கற்பனை நாட்டின் அந்தப்புரத்தில், கடத்தி விற்கப்பட்டுப் பணிப்பெண்ணாக வந்து சேர்ந்த மாவ்மாவ் என்ற மருந்தாளர் பெண்தான் நாயகி.

முதல் எபிசோட்டிலேயே தொடரின் தரம் தெரிந்துவிடும். அரச குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக நோயுற்று இறக்கின்றன. அந்தப்புரமே சாபம் என்று முணுமுணுக்கிறது. மாவ்மாவ் தாய்மார்களின் முகத்தைப் பார்க்கிறாள். அவர்கள் பூசியிருக்கும் வெள்ளைப் பொடியில் ஈயம் கலந்திருப்பதை ஊகிக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியும் என்பதையே மறைத்து வாழும் அவள், தன் பாவாடைத் துணியைக் கிழித்து எச்சரிக்கை எழுதி, அதை ஒரு பூங்கிளையில் கட்டி இரண்டு அரசிகளின் சன்னலிலும் வைத்துவிட்டுப் போகிறாள். ஒருத்தி நம்புகிறாள், மற்றவள் நம்பவில்லை. குற்றத்தை வேதியியலாலும் மருத்துவத்தாலும் விளக்கும் இந்த முறையைத் தொடர் பெரும்பாலும் கடைசிவரை கைவிடுவதில்லை. மாவ்மாவ் வளர்ந்தது கணிகையர் வீதியில் என்பதால் அது பற்றிய பேச்சு அடிக்கடி வரும். சிறு பிள்ளைகள் உடன் இருந்தால் வேறு தொடர் பாருங்கள்.

கேள்வி: 'டீமன் ஸ்லேயர்' தொடரைப் பார்க்காமல் 'இன்ஃபினிட்டி காசில்' படத்தை மட்டும் பார்க்கலாமா? தமிழில் வந்திருக்கிறதே.

பதில்: கூடாது. அது மூன்று படங்களில் முதலாவது. அதற்கு முன்னால் அறுபது சொச்சம் எபிசோட்கள் இருக்கின்றன. தமிழ் டப்பிங் மொழித் தடையை நீக்குமே தவிர, பார்க்காத கதையைச் சொல்லித் தராது.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று 'ஃப்ரீரென்' பார்க்கத் தொடங்கினேன். மிகவும் மெதுவாகப் போகிறது. 1.5 மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா? எந்த எபிசோட்களைத் தாண்டலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்: வேகத்தைக் கூட்டாதீர்கள், எதையும் தாண்டாதீர்கள். இதே கேள்வி வேறு வேறு தொடர்களின் பெயரில் வந்துகொண்டே இருப்பதால் ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முதல் சீசனில் 28 எபிசோட்கள். 1.5 மடங்கு வேகத்தில் பார்த்தால் மொத்தமாக உங்களுக்கு மிச்சமாவது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த மூன்றரை மணி நேரத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்தத் தொடரின் உயிரையே.

ஃப்ரீரென் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்துவிட்ட எல்ஃப் இனத்து மந்திரவாதி. ஹிம்மெல் என்ற வீரன், ஹைட்டர் என்ற மதகுரு, ஐசன் என்ற குள்ள இனத்துப் போர்வீரன் ஆகியோருடன் பத்தாண்டுகள் பயணம் செய்து அரக்கர் மன்னனை வீழ்த்திவிட்டுத் திரும்பும் இடத்தில் கதை தொடங்குகிறது. அவளுக்கு அந்தப் பத்தாண்டுகள் ஒரு பொருட்டே அல்ல. பிரிந்து போகிறாள், ஐம்பது ஆண்டுகள் கழித்து வருகிறாள், ஹிம்மெல் தலை வழுக்கையாகி, உடல் குறுகிய கிழவனாக எதிரில் நிற்கிறான், சிறிது காலத்தில் இறந்தும் போகிறான். இறுதிச் சடங்கில், உடன் பயணம் செய்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று கூட்டத்தில் சிலர் முணுமுணுக்கிறார்கள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சவப்பெட்டியின் மீது மண் விழுகிறது. அப்போதுதான், இவனைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாதே, தெரிந்துகொள்ள ஏன் முயலாமல் போனேன் என்று சொல்லி உடைகிறாள். மண் விழுவதற்கும் அவள் உடைவதற்கும் இடையிலுள்ள அந்த மௌனத்தைத்தான் வேகப் பொத்தான் முதலில் விழுங்குகிறது. காலத்தின் மதிப்பைத் தாமதமாக உணர்ந்த ஒருத்தியின் கதை இது. பார்ப்பவரும் அந்தக் காலத்தைக் கடந்தால்தான் அவள் உணர்ந்தது நமக்கும் உறைக்கும். ஆலாபனையை வேகமாக ஓட்டிக் கேட்டுவிட்டு ராகம் பிடிபடவில்லை என்று சொன்னால் பாடகர் என்ன செய்ய முடியும்?

நிதானமாக எடுப்பதைத் தவிர வேறு தெரியாதவர்களின் வேலை என்றும் இதைச் சொல்ல முடியாது. இயக்குநர் கெய்ச்சிரோ சைட்டோ இதற்கு முந்தைய ஆண்டில், 2022-இல், இயக்கியது 'போச்சி தி ராக்!', கூச்ச சுபாவமுள்ள ஒரு கிதார் கலைஞியின் மனப் பதற்றத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் மாறும் காட்சிகளாக ஆக்கிய நகைச்சுவைத் தொடர் அது. அத்தனை வேகம் கைவந்தவர் இங்கே நிதானத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் 2023 செப்டம்பர் 29 அன்று முதல் நான்கு எபிசோட்களையும் சேர்த்து, திரைப்படங்கள் ஒளிபரப்பாகும் நேரத்தில் இரண்டு மணி நேர நிகழ்ச்சியாகவே வெளியிட்டார்கள். ஆகவே முதல் எபிசோட்டின் பாதியில் எழுந்துபோனவர்கள் தொடரின் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

தாண்டும் எபிசோட்களைப் பற்றி: இரண்டாவது எபிசோட்டில், அழிந்துபோனதாகக் கருதப்படும் ஒரு நீலப் பூவைத் தேடி ஃப்ரீரென் ஒரு சிற்றூரில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறாள். ஹிம்மெல் தன் சொந்த ஊர்ப் பூவை அவளுக்குக் காட்ட விரும்பினான் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. அவளுடைய மாணவி ஃபெர்ன் பொறுமையிழக்கிறாள், நீங்களும் இழப்பீர்கள். விதைகளைச் சேர்த்துவைக்கும் ஒரு எலியைப் பின்தொடர்ந்து, பாழடைந்த கோபுரத்தின் உச்சியில் அந்தப் பூக்களைக் காணும் காட்சி வந்த பிறகு, தாண்டலாமா என்ற கேள்வியை நீங்களே விட்டுவிடுவீர்கள். கதையை முன்னே நகர்த்தாத எபிசோட் என்று சுருக்கக் காணொளிகளில் ஒதுக்கப்படுபவற்றில்தான் இந்தத் தொடரின் சிறந்த தருணங்கள் இருக்கின்றன. அந்தக் காணொளிகளைப் பார்த்து எந்தத் தொடரையும் தீர்மானிக்க வேண்டாம். ஃப்ரீரென் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் நான்கு எபிசோட்களுக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். அதில் தவறே இல்லை. அரைகுறையாக ஓட்டி முடித்துவிட்டுப் பார்த்தாயிற்று என்று எழுதுவதுதான் தவறு.

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு 'டாகோபி' போட்டுக் காட்டலாமா? இளஞ்சிவப்பு நிற ஆக்டோபஸ் பொம்மை மாதிரி அழகாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2025-இல் வந்த இந்த ஆறு எபிசோட் தொடர், பள்ளியில் சக மாணவியால் கொடுமைப்படுத்தப்படும் ஒரு சிறுமியைப் பற்றியது. முதல் எபிசோட்டிலேயே தற்கொலை வருகிறது. பெரியவர்களுக்கே கனமான, மிகச் சிறப்பாக எடுக்கப்பட்ட படைப்பு, குழந்தைகளுக்கானது அல்ல. படத்தின் நிறத்தைப் பார்க்காதீர்கள், வயதுக் குறிப்பைப் பாருங்கள். ஜப்பானில் இத்தகைய தொடர்களில் பெரும்பாலானவை நள்ளிரவை ஒட்டியே ஒளிபரப்பாகின்றன. கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்கு என்று எண்ணும் பழக்கத்தைப் பெற்றோர் விட்டாக வேண்டும்.

மகளுக்கு 'மெடலிஸ்ட்' காட்டுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பள்ளியில் எதிலும் தேறாதவள் என்று ஒதுக்கப்பட்ட இனோரி என்ற பதினொரு வயதுச் சிறுமி, பனிச்சறுக்கு நடனத்தில் தன்னை நிலைநாட்டப் போராடுகிறாள். ஐந்து வயதிலேயே தொடங்குபவர்கள் இருக்கும் துறையில் அவள் தாமதமாக வந்தவள். பயிற்சியாளரும் தாமதமாகத் தொடங்கித் தோற்றவர். சறுக்கு நடனங்களை வடிவமைத்தவர் ஒலிம்பிக்கில் ஆடிய அகிகோ சுசுகி என்பதால் ஒவ்வொரு தாவலிலும் உடல் எடையை உணர முடிகிறது. முதல் சீசன் 2025 ஜனவரியில் வந்தது, 13 எபிசோட்கள்.

கேள்வி: 'ஆர்ப்' தொடரில் வருவது உண்மை வரலாறா?

பதில்: இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மனிதர்கள் வேட்டையாடப்பட்டதாகக் காட்டுவது உஒடோ என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) கலைஞரின் கற்பனை. கதை நடக்கும் நாட்டுக்குப் பெயர்கூட வைக்காமல் ஓர் எழுத்தால் மட்டுமே குறித்திருப்பதைக் கவனியுங்கள். கோபர்நிகஸின் நூல் வெளியானது 1543-இல். அதை அவர் போப்பாண்டவருக்கே காணிக்கையாக்கினார். கலிலியோ மீதான விசாரணை 1633-இல்தான் நடந்தது. பள்ளித் தேர்வில் 'ஆர்ப்' கதையை எழுதிவைத்துவிடாதீர்கள்.

ஆனால் வாட்ச்லிஸ்ட்டில் கட்டாயம் சேருங்கள். ஓர் உண்மைக்காக உயிரைக் கொடுப்பவனின் ஆராய்ச்சிக் குறிப்புகள், அவனை அறியாத அடுத்தவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதை 25 எபிசோட்களில் இவ்வளவு தீவிரமாகச் சொன்ன தொடர் அண்மையில் வேறில்லை. சித்திரவதைக் காட்சிகள் உண்டு. மீண்டும் அதே எச்சரிக்கைதான்: வயதுக் குறிப்பு.

கேள்வி: 'சோலோ லெவலிங்' தமிழில் பார்த்தேன், அருமை. அதே போல் இன்னொன்று?

பதில்: 'டான்டாடான்' பாருங்கள். 2024 அக்டோபரில் தொடங்கியது. சயன்ஸ் சாரு ஸ்டுடியோவின் வேலை. பேய்களை நம்பும் பெண்ணும் வேற்றுக்கிரகவாசிகளை நம்பும் பையனும் பந்தயம் கட்டப்போய் இருவர் நம்பியதும் உண்மையாகிவிடுகிறது. முதல் எபிசோட்டில் குடும்பத்தோடு பார்க்க முடியாத ஒரு காட்சி உண்டு. அந்தக் காட்சி தேவையற்றது என்பதே என் கருத்து. ஏழாவது எபிசோட் வரை வந்துவிட்டுத் தீர்மானியுங்கள். முதல் சீசன் நட்டாற்றில் நிற்பது போல முடியும் என்பதால் இரண்டாவதையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலவசமாகப் பார்க்க டெலிகிராம் சேனல் எதையாவது தர முடியுமா?

பதில்: முடியாது. மியூஸ் ஏசியா, அனி-ஒன் போன்ற உரிமம் பெற்ற நிறுவனங்கள் யூடியூபிலேயே சில தொடர்களை இலவசமாகத் தருகின்றன. முதலில் அங்கே தேடுங்கள்.

கேள்வி: 'வின்லாண்ட் சாகா' முதல் சீசன் முடித்தேன். இரண்டாவதில் விவசாயம்தான் செய்கிறார்களாம். விட்டுவிடலாமா? (முதல் சீசன் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தவிர்க்கவும்.)

பதில்: விட்டால் நீங்கள் பார்த்தது பாதிக் கதை, அதுவும் எளிய பாதி. பழிவாங்குவதைத் தவிர எதையும் கற்காத தோர்ஃபின், டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமையாகிறான். ஐனார் என்ற இன்னோர் அடிமையுடன் காட்டை அழித்து, அடிக்கட்டைகளைப் பெயர்த்து, ஒரு முதியவரிடம் வேலை செய்து கொடுத்து அதற்கு ஈடாகக் குதிரையை இரவல் வாங்கி உழுது, கோதுமை முளைப்பதைப் பார்க்கிறான். அழிப்பதை மட்டுமே அறிந்த கைகள் முதல்முறையாக ஒன்றை விளைவிக்கின்றன. அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகத்தான் முதல் சீசனின் ரத்தம் அத்தனையும். இதையும் வேகம் கூட்டாமல் பாருங்கள்.

கேள்வி: ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய தொடர்?

பதில்: 'புளூட்டோ'. 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எட்டு எபிசோட்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' கதைகளில் ஒன்றை நவோகி உரசாவா துப்பறியும் மாங்காவாக மாற்றி எழுதினார். அதன் அனிமே வடிவம் இது. போர்க்களத்தில் அழிவு இயந்திரமாக இருந்த ஒரு ரோபோ, ஸ்காட்லாந்தில் பார்வையற்ற இசையமைப்பாளர் ஒருவரிடம் பணியாளாகச் சேர்ந்து, பியானோ கற்றுக்கொள்ள விரும்பும் பகுதி முதல் எபிசோட்டிலேயே வருகிறது. அதைப் பார்த்தபின் நிறுத்தியவர் எவரையும் நான் அறியேன்.

கேள்வி: 'ப்ளூ ஐ சாமுராய்' இந்த ஆண்டுகளின் சிறந்த அனிமே என்பது சரிதானே?

பதில்: ஜப்பானியத் தயாரிப்பு அல்ல, அமெரிக்க-பிரெஞ்சு கூட்டு முயற்சி. தொடர் நன்றாகவே இருக்கிறது. வயது வந்தோருக்கு மட்டும்.

கேள்வி: மந்திரம், அரக்கர், சண்டை எதுவும் வேண்டாம். சாதாரணப் பள்ளிக் கதை ஒன்று போதும்.

பதில்: 'ஸ்கிப் அண்ட் லோஃபர்', 2023, 12 எபிசோட்கள். இஷிகாவா மாகாணத்தின் கடலோரச் சிற்றூரிலிருந்து டோக்கியோவின் புகழ்பெற்ற பள்ளிக்கு வரும் மிட்சுமி, வாழ்க்கை முழுவதையும் திட்டமிட்டு வைத்திருப்பவள். முதல் நாளே ரயிலில் வழி தவறி, வரவேற்பு விழாவுக்குக் காலணியைக் கையில் பிடித்தபடி ஓடுகிறாள். அன்றே அதைவிடப் பெரிய அவமானமும் நேர்கிறது. ஆனாலும் ஒரே வாரத்தில் அவளுக்கு நண்பர்கள் கிடைத்துவிடுகிறார்கள். வில்லன் என்று எவரும் இல்லை. மற்றவர் மீது பொறாமைப்படும் பெண்ணுக்குக்கூடத் தன் நியாயத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் வீதம் பாருங்கள். இதை முடிக்கும்வரை அடுத்த தொடரைத் திறக்காதீர்கள்.