தருமபுரி வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்: கட்டுரை நூல்கள்

கதை, நாவலைவிட வரலாறு, தன்வரலாறு, காடு பற்றிய நூல்களைத்தான் நான் அதிகம் வாசிக்கிறேன். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தருமபுரி, கல்லூரி மாணவி: அதியமானைப் பற்றி நம்பி வாசிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் ஐயா.

முதலில் புறநானூற்றில் ஔவையார் பாடல்களை உரையோடு வாசியம்மா. அப்புறம் எந்த வரலாற்று நூலை எடுத்தாலும் முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று பார். அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சத்தியபுத்திரர் என்ற பெயரும் வருகிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று வெட்டியிருக்கிறது; 'ஸதியபுதோ' என்பது அந்தச் சத்தியபுத்திரர் பெயர்தான். நம் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியர் மரபு அசோகர் வாயிலும் வந்திருக்கிறது! 1981க்கு முன் அச்சான நூலில் இது இருக்க வழியில்லை. அது ஆசிரியரின் குற்றமல்ல, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் உனக்குத்தான் நஷ்டம்.

பாலக்கோடு: வாழ்க்கையில் முன்னேற நல்ல தன்னம்பிக்கை நூல்?

அந்த வகையை நான் வாசிப்பதில்லை. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வாசியுங்கள். 1940 முதல் விகடனில் தொடராக வந்தது, 1942இல் அவர் மறைந்ததால் முடிவடையாமல் நின்றது. ஒரு சுவடிக்காக ஊர் ஊராக அலைந்த மனிதரின் கதை.

பர்கூர்: நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வு பற்றி ஒரு நூலில் ஒன்றும் இல்லையே?

மறுபடியும் அதே பதில்தான், ஆண்டைப் பாருங்கள். அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்ற அறிவிப்பே 2022இல்தான் வந்தது. 2025இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலக்கணிப்பு அதையும் தாண்டிப் பின்னே போய்விட்டது. உங்கள் கையில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும்.

அஞ்செட்டி, விவசாயி: வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதிய ஜவளகிரி ஆட்கொல்லிப் புலிக் கதை உண்மையா?

அவருடைய முதல் நூல் 1954இல் ஆங்கிலத்தில் வந்தது. அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் எல்லாம் அவர் நூல்களில் வருகின்றன. ஓடையும் மேடும் மூங்கிற்புதரும் அவர் எழுதும்போது கண்முன் வந்துவிடும், நடந்தே பார்த்தவரின் எழுத்து அது. ஆனால் இரவில் மரத்தின்மேல் தனியாக உட்கார்ந்து பார்த்ததற்கு வேறு சாட்சி கிடையாது. உரையாடல்களும் நினைவிலிருந்து எழுதியவைதான். அதனால் நினைவுக்குறிப்பு என்று வாசியுங்கள், ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே வாசகர்: எங்கள் தாத்தா அந்தத் துரையைப் பார்த்திருக்கிறார். பொய் என்கிறீர்களா?

இல்லை ஐயா, பொய் என்று நான் சொல்லவே இல்லை. தாத்தா சொன்னதை, எந்த ஊர், யார் யார் கூட இருந்தார்கள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துரை எழுதியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் ஊர்க்காரர் சொல் ஒன்றாவது வேண்டும். நான் உண்மையாகவே கேட்கிறேன், எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டை, ஆசிரியர்: சாட்சியில்லை என்று தள்ளினால் எந்தத் தன்வரலாறும் மிஞ்சாதே? உ.வே.சா.வையும் தள்ளுவீர்களா?

சரியான கேள்வி சார், என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள். இரண்டையும் நான் தள்ளவில்லை. ஆனால் உ.வே.சா. பதிப்பித்த நூல்கள் இன்றும் நம் கையில் இருக்கின்றன, அவர் சொல்வதை அவற்றின் முன்னுரைகளோடு ஒப்பிடலாம். காட்டில் விழுந்த புலிக்கு அப்படி ஒப்பிட என்ன இருக்கிறது? எனக்கு அந்த வித்தியாசம் பெரியது.

அரூர்: தன்னம்பிக்கை நூல் ஏதாவது...

மேலே பாலக்கோடு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்: பிடிஎஃப் கிடைக்குமா?

பழைய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக உண்டு. இப்போது எழுதுகிறவர்களின் நூலைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

ஊத்தங்கரை: நடுகல் பற்றி எதில் தொடங்கலாம்?

புத்தகம் அப்புறம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒருநாள் போய், அந்தக் கற்களின் முன் நின்று பாருங்கள். எந்தக் கல் மனதில் நிற்கிறது என்று எழுதுங்கள், அதற்கேற்ற நூலைச் சொல்கிறேன்.