வயிற்றைப் படம் எடுத்தால் மலச்சிக்கல் தெரிஞ்சிடுமா?

கேள்வி: வயது 41, பொகவந்தலாவையில் கொழுந்து எடுக்கிறேன். மூன்று நாளைக்கு ஒருதடவைதான் வெளிக்குப் போகுது. எக்ஸ்ரேயில் 'மலம் நிறைய இருக்கு' என்றார்கள். ஸ்கேனும் எடுக்கணுமா டாக்டர்?

தங்கச்சி, பெருங்குடலில் மலம் இருக்கத்தானே செய்யும், தினமும் ஒழுங்காகப் போகிறவரின் படத்திலும் அது தெரியும். ஒரே படத்தை ஒரு டாக்டர் 'நிறைய' என்பார், இன்னொருவர் 'சாதாரணம்' என்பார். வயிற்று ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பப்பை பார்க்கவும் நல்லது, ஆனால் குடலில் காற்று இருப்பதால் உள்ளே தெளிவாகத் தெரியாது, மலச்சிக்கலுக்குக் காரணமும் பெரும்பாலும் சொல்லாது. போன வாரம் ஒரு அம்மா மூன்று எக்ஸ்ரே படங்களைச் சொப்பிங் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். படங்களை மேசையில் வைத்துவிட்டு, "மலையில அவசரம்னா எங்கம்மா போவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்து, "அதுக்காகத்தான் ஐயா தண்ணியே குடிக்கிறதில்ல, வந்தாலும் அடக்கிக்குவேன்" என்றார். அது எந்தப் படத்திலும் விழாது. உங்களுக்கும் இதே கதையா என்று பாருங்கள். இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை போடுகிறீர்களா? அதுவும் மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். காலையில் ரொட்டி சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்தப் பத்து நிமிடத்தை மலைக்குக் கிளம்புமுன் ஒதுக்குங்கள். தண்ணீர், கீரை, போஞ்சி, பப்பாசி கூடட்டும். அப்புறமும் சரிவராவிட்டால் மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணி கேட்டு வாங்கலாம்.

கேள்வி: ஆறு வயது மகன் காற்சட்டையிலேயே தண்ணியாகப் போய்விடுகிறான். வயிற்றோட்ட மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கலாமா? (ஹட்டன்)

அம்மா, அந்த மருந்தை முதலில் நிறுத்துங்கள். கீழே கட்டி மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதைச் சுற்றித் தண்ணீர்மலம் கசிகிற பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன், பிள்ளைக்கு அது வருவதே தெரியாது, அதனால் தயவுசெய்து அடிக்காதீர்கள். வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்து, நடந்ததைக் கேட்டாலே பெரும்பாலும் புரிந்துவிடும், சர்வதேச வழிகாட்டல்களும் சிறுபிள்ளை மலச்சிக்கலுக்கு வழமையாக எக்ஸ்ரே வேண்டாம் என்கின்றன. ஒரு வயிற்று எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.7 மில்லிசீவேர்ட், நெஞ்சு எக்ஸ்ரேயைப் போல முப்பது மடங்குக்கு மேல். பிள்ளையை நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடைப்பைக் கரைத்த பிறகும் மலத்தை இளக்கும் மருந்து மாதக்கணக்கில் தொடரவேண்டி வரும்.

கேள்வி: வயது 58. இரண்டு மாதமாக மலத்தில் இரத்தம், உடம்பும் மெலிந்துவிட்டது. எக்ஸ்ரே நார்மல். பயமில்லைதானே? (பண்டாரவளை)

ஐயா, அந்த நார்மலை நம்பி இருக்காதீர்கள். குடல் புற்றுநோய் சாதாரண எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது கொலொனோஸ்கொப்பி, அதாவது குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது. மூலம்தான் என்று யார் சொன்னாலும் இந்த வாரமே பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எக்ஸ்ரே எதற்குத்தான்?

குடல் அடைப்புக்கு. வயிறு ஊதி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் நின்றுபோனால் உடனே படம் வேண்டும். சிறுகுடல் 3 சென்ரிமீற்றருக்கு மேல், பெருங்குடல் 6க்கு மேல் விரிந்திருந்தால் படத்தில் தெரியும், பிறகு சிடி ஸ்கேன் எங்கே அடைப்பு என்று காட்டும். அன்றைக்குப் பேதி மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள், விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். லயத்திலிருந்து த்ரீவீல் பிடித்தாவது இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.